ஈத்தூண்டில்

மீன் பிடித்தல் மாந்தர் கற்ற தொழில்களுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாகும். வலை வீசியும், பறி வைத்தும், எறியுளி கொண்டும், தூண்டிலிட்டும் மீன் பிடிக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. நம் ஊர்க் குளக்கரையில் தூண்டிலோடு அமர்ந்திருக்கும் சிறுவனை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவன் மண்புழுவைத் தூண்டில் முள்ளிற் கோத்து நீரில் இடுகின்றான். தக்கை அமிழ்ந்தவுடன் கோலைச் சுண்டி இழுக்கின்றான். அவனுக்கு வேண்டுவன இரண்டே: பசித்த மீன் ஒன்று, பொறுத்திருக்கும் மனம் மற்றொன்று.

ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளின் குளிர்ந்த ஆறுகளில் வேறொரு முறை பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகின்றது. அங்கே தூண்டில் முள்ளில் உண்ணத்தக்க இரை ஏதும் இராது. சேவலின் இறகு, முயலின் மயிர், பட்டிழை, பொன்னிறக் கம்பி ஆகியவற்றால் முள்ளைச் சுற்றி முடியப்பெற்ற ஒரு பொய்யீயே அங்கு இரையாகும். அப்பொய்யீயை உண்மை ஈயெனக் கருதி மீன் கவ்வுமாறு செய்தலே இக்கலையின் நுட்பம். இதனை ஈத்தூண்டில் என்று நாம் வழங்கலாம். இம்முறையால் பெரிதும் பிடிக்கப்படுவன டிரவுட், சால்மன் என்னும் இருவகை மீன்கள்.

ஈத்தூண்டில் வீசுவோரிடம் இன்று காணப்படும் ஒரு செயல் நமக்கு வியப்பளிக்கும். முழங்கால் அளவு தண்ணீரில் பகலெல்லாம் நின்று, அரிதின் முயன்று பிடித்த மீனை, அவர்களுட் பலர் மீண்டும் அவ்வாற்றிலேயே விட்டுவிடுகின்றனர். விடுவதற்காகவோ ஒருவர் மீன் பிடிப்பார்? இவ்வினாவை மனத்திற் கொண்டு இப்பாடத்தைப் படிப்போமாக. விடை எளிதன்று, ஆயினும் தேடத்தக்கது.

பொய்யீயைக் கொண்டு மீன் பிடித்தல் இற்றைக்கு ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே வழக்கில் இருந்தது. உரோம நாட்டு ஆசிரியராகிய ஈலியன் என்பார், மாசிடோனியா நாட்டு ஆற்றங்கரை மக்கள் செந்நிற ஆட்டுமயிரையும் சேவலின் தாடியடியில் வளரும் இறகுகளையும் முள்ளிற் கட்டி, புள்ளிகளையுடைய மீன்களைப் பிடித்தமையைக் குறித்துள்ளார். உண்மையான ஈயைக் கையால் தொட்டால் அதன் நிறம் கெட்டுச் சிறகு கசங்கிவிடும்; ஆதலால் முள்ளிற் கோத்தற்கு அஃது உதவாது. அக்குறையை நீக்கவே பொய்யீ தோன்றிற்று.

இங்கிலாந்தில் 1496-ஆம் ஆண்டில் தூண்டிற்கலை பற்றிய நூல் ஒன்று அச்சேறியது. அதனை இயற்றியவர் ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் துறவியம்மையார் என்று மரபாகக் கூறுவர். அந்நூல் பன்னிரண்டு பொய்யீக்களின் இலக்கணத்தைக் கூறுகின்றது. அவற்றை ஆசிரியர் மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை மாதவாரியாக வகுத்துள்ளார் என்பது கருதத்தக்கது. ஆற்றின் மேல் எம்மாதத்தில் எவ்வீ பறக்குமோ அம்மாதத்தில் அவ்வீயின் உருவையே முள்ளிற் கட்டுதல் வேண்டும் என்னும் விதி அன்றே தெளியப்பட்டிருந்தது. பின்னர் 1653-ஆம் ஆண்டில் ஐசக் வால்டன் என்பார் எழுதிய தூண்டில் நூல் பெரும்புகழ் பெற்றது. அவர்தம் நண்பர் சார்லஸ் காட்டன், 1676-ஆம் ஆண்டில் அந்நூலுக்கு ஒரு பிற்பகுதி எழுதி, ஈத்தூண்டிலைப் பற்றி விரிவாக உரைத்தார். அவரும் மாதந்தோறும் பயன்படும் ஈக்களை அடைவாகவே கூறிச் சென்றார். எனவே ஈத்தூண்டில் என்பது முதற்கண் காலத்தை அறியும் கல்வியாகும். மீனைப் பிடிப்பது அதன் பின்னதே.

இனி, இக்கலைக்குரிய கருவிகளை நோக்குவோம். கோல், நூல், நூலைச் சுற்றி வைக்கும் உருளை, நுனியில் கட்டும் மெல்லிழை, பொய்யீ என்பன ஐந்து கருவிகள். முற்காலத்தில் குதிரை வாலின் மயிரை முறுக்கி நூலாகக் கொண்டனர். பின்னர்ப் பட்டு நூல் வந்தது. இக்காலத்தில் செயற்கைப் பொருள்களால் ஆகிய நூல் வழங்குகின்றது. கோலுக்கு நெடுங்காலம் மூங்கிலைப் பயன்படுத்தினர். மூங்கிலை ஆறு கீற்றுகளாகப் பிளந்து, இழைத்து, ஒட்டி அறுபட்டைக் கோலாக்குவது கைத்திறம் மிக்க தொழிலாக இருந்தது. இன்று கரியிழைக் கோல்களே மிகுதி.

பிற தூண்டில்களில் ஈயக்குண்டு போன்ற பளு ஒன்று நூலை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழும். ஈத்தூண்டிலில் அவ்வாறன்று. பொய்யீக்குப் பளுவே இல்லை எனலாம். ஈண்டு எடையுடையது நூலே. கோலைப் பின்னோக்கி உயர்த்தினால் நூல் தலைக்குப் பின்னே காற்றில் நீளும். அது முழுதும் நீளும் வரையில் சற்றே பொறுத்து, பின்னர்க் கோலை முன்னோக்கிச் செலுத்தினால், நூல் ஒரு வளையமாய் உருண்டு சென்று நீரின்மேல் விரியும். அதன் நுனியில் ஈ இறுதியாக, ஓசையின்றி வந்து இறங்கும். கற்கத் தொடங்குவோர் அனைவரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. பின்னே நூல் நீளுமுன்னரே முன்னே வீச முற்படுவர். நூல் சிக்கிக் காலடியில் விழும். வலிமை மிகுந்தோனுக்கு வசப்படாத இவ்வீச்சு, அந்த ஒரு நொடி பொறுக்கத் தெரிந்த சிறுமிக்கு வசப்பட்டுவிடும். பின்னே மரங்கள் நெருங்கி நிற்கும் கரையில் நூலைப் பின்னெறிய இடமிராது. ஸ்பே என்னும் ஸ்காட்லாந்து ஆற்றங்கரையினர் அதற்கும் ஒரு வழி கண்டனர். நீண்ட கோலை இரு கையாலும் பற்றி, நூலை நீர்ப்பரப்பின்மேல் ஊன்றிச் சுழற்றி முன்னே உருட்டினர். அவ்வீச்சு இன்றும் அவ்வாற்றின் பெயராலேயே வழங்கப்பெறுகின்றது.

டிரவுட் என்பது கரும்புள்ளியும் செம்புள்ளியும் உடைய அழகிய மீன். தண்ணிய, தெளிந்த, காற்றுக் கலந்த ஓடுநீரே அதற்கு வாழிடம். வெந்நீரினும் தண்ணீரில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். பத்துப் பாகை செல்சியசு வெப்பமுள்ள நன்னீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருத்தல் கூடும். இருபது பாகையில் அது 9 மில்லிகிராமாகக் குறையும். வெப்பம் இருபது பாகையைத் தாண்டினால் டிரவுட் மூச்சுக்குத் தவிக்கும். இச்சிறு கணக்கினை நினைவிற் கொள்க; பின்னர் நமக்கு வேண்டப்படும்.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து, தலையை மேற்றிசை வைத்து, ஒரு கல்லின் அயலில் நிலைத்து நிற்கும். நீர் கொண்டுவரும் பூச்சிகளை இருந்த இடத்திலிருந்தே உண்ணும். ஆதலின், அதனைப் பிடிக்க விழைவோர் அதன் பின்புறமாக, நீரின் கீழ்ப்புறத்திலிருந்து அணுகுவர். நிழல் நீரில் விழுதல் ஆகாது. காலடி அதிர்தலும் ஆகாது. வீசிய ஈ நீரோட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வருதல் வேண்டும். நூல் ஈயைச் சிறிது இழுத்துவிட்டாலும், நீரில் இயல்பாக மிதக்கும் பூச்சி அவ்வாறு செல்லாது என்பதை மீன் அறியும், அறிந்து ஒதுங்கும்.

ஸ்காட்லாந்தில் டிரவுட்டைப் பிடிக்கும் பருவம் மார்ச்சுத் திங்கள் 15-ஆம் நாள் தொடங்கி அக்டோபர் 6-ஆம் நாள் முடிவடைகின்றது. நம் நாட்டுக் கணக்கில் பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை எனலாம். பங்குனியில் அந்நாட்டு மலைகளில் பனி உருகிக்கொண்டிருக்கும். அக்காலத்தில் நண்பகலை ஒட்டிய சிறு பொழுதிலேயே பழுப்பு நிறப் பூச்சிகள் நீரிலிருந்து எழும். அவ்வொரு நாழிகையைத் தவறவிட்டவன் அன்றைய நாளையே தவறவிட்டவன் ஆவான். சித்திரையில் இலைப்பச்சை நிறம் கலந்த சிறு பூச்சிகள் தோன்றும்.

வைகாசியிலோ ஆற்றின் பெருவிழா. ஆங்கிலர் மே ஈ என்று வழங்கும் பெரிய பூச்சி அப்பொழுது எழுகின்றது. இதன் வாழ்க்கை நம் ஈசலின் வாழ்க்கையை நினைப்பூட்டும். ஏறத்தாழ இரண்டாண்டுகள் அது ஆற்றுச் சேற்றில் வளை தோண்டி வாழும். பின்னர் ஒரு நாள் நீர்மட்டத்திற்கு வந்து, தோலைக் கழற்றிச் சிறகோடு எழும். சிறகு பெற்ற பின்னும் மற்றுமொருமுறை தோலுரிப்பது இவ்வினத்திற்கே உரிய தனித்தன்மை. சிறகு பெற்ற மே ஈ உணவு கொள்வதில்லை. உண்ணுதற்குப் பயன்படும் வாயும் அதற்கில்லை. இணை கூடி, நீரில் முட்டையிட்டு, சிறகுகளை விரித்தவாறே ஆற்றின்மேல் வீழ்ந்து இறக்கும். எழும்பொழுதும் வீழும்பொழுதும் டிரவுட் அதனை விருந்தாக உண்ணும். தூண்டில்காரன் பெட்டியில் மூவகை மே ஈக்கள் இருத்தல் வேண்டும்: நீருள் எழும் நிலையைக் காட்டுவது ஒன்று, சிறகு விரித்து மிதப்பது ஒன்று, இறந்து கிடப்பது ஒன்று. ஓர் உயிரின் வரலாறே அச்சிறு பெட்டிக்குள் அடங்கியுள்ளது.

பொய்யீயை மிதக்கவிடுவதா, அமிழவிடுவதா என்பது பற்றி இங்கிலாந்தில் ஒரு பெரும் வழக்கே நிகழ்ந்தது. சேவலின் கழுத்திறகு விறைப்புடையது. ஈயைச் சுற்றிக் கட்டினால் நீர்ப்பரப்பின்மேல் நிற்கும். பெட்டைக்கோழியின் இறகு மென்மையானது; நீருள் அமிழ்ந்து உயிருள்ளது போல் அசையும். பிரடெரிக் ஹால்போர்டு என்பார் 1886-ஆம் ஆண்டில் மிதக்கும் ஈக்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவரைப் பின்பற்றினோர், மீன் மேலெழுந்து ஈயைக் கவ்வக் கண்டு, அதன்முன் மிதக்கும் ஈயை இடுவதே நேர்மையான முறை என்றனர். ஸ்கூஸ் என்னும் வழக்குரைஞர் 1910-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் மற்றொன்று கூறினார். மீன் தன் உணவிற் பெரும்பகுதியை நீரினுள்ளேயே கொள்கின்றது என்பதைச் சுட்டி, அமிழும் ஈயும் தக்கதே என்று அவர் எடுத்துரைத்தார். இருவரும் ஆற்றை உற்று நோக்கியவர்களே. எனினும், ஒருவர் நீரின் மேற்பரப்பைக் கண்டார். மற்றவர் அதன் உள்ளையும் கண்டார். பிடித்த பிடியை விடாத கல்வியினும், ஆறு காட்டுவதை ஏற்கும் கல்வியே நிலைத்தது.

ஆனி கழிந்து ஆடி, ஆவணி வந்தால் ஆறு மெலியும். நீர் தெளிந்து வெதுவெதுப்பாகும். பகலில் மீன் கல்லடியில் ஒளிந்திருக்கும். மாலையில், வெயில் தாழ்ந்த பின்னரே மேலெழும். வடபுலமாதலின் அங்கே கோடை மாலை நெடிது. நம் ஊர்க் கணக்கில் இரவான பின்னும் அங்கு வெளிச்சம் இருக்கும். டிரவுட்டினத்தில் ஒரு சாரார் கடலுக்குச் சென்று பெருத்து மீள்வர். அவற்றைக் கடல் டிரவுட் என்பர். அவை அச்சமிக்கவை, ஆதலின் கோடை இரவின் இருளிலேயே அவற்றை நாடுவர். புரட்டாசியில் நீர் மீண்டும் குளிரும். மீன்கள் முட்டையிடும் காலம் நெருங்கும். அக்டோபர் 6-ஆம் நாளோடு கோல்கள் உறையுள் இடப்படுகின்றன. கருவுற்ற மீனை அதன் போக்கில் விடுதல் வேண்டும் என்பது சட்டம்.

சால்மனின் வரலாறு இதனினும் வியப்புடையது. நம் முன்னோர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என வகுத்தனர். இம்மீன் குறிஞ்சியிற் பிறந்து, நெய்தலில் வளர்ந்து, மீண்டும் குறிஞ்சிக்கே வந்து கருவுயிர்க்கின்றது எனலாம். கார்த்திகை, மார்கழியில், மலையோடைகளின் பரற்கற்களுக்கிடையே பெண்மீன் வாலாற் குழிபறித்து, ஆயிரக்கணக்கான முட்டைகளை இட்டுக் கல்லால் மூடும். வேனிற்றொடக்கத்தில் குஞ்சுகள் வெளிவரும். வயிற்றில் ஒட்டியுள்ள கருவுணவே அவற்றுக்கு முதலுணவு. பின்னர்ச் சிறுபூச்சிகளை உண்டு, பக்கங்களில் விரல் பதித்தாற்போன்ற கோடுகளுடன், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் அவ்வோடையிலேயே வளரும். அதன்பின் ஒரு வேனிற்காலத்தில் கோடுகள் மறைந்து உடல் வெள்ளியென ஒளிரும். உப்புநீரைத் தாங்குமாறு உள்ளுறுப்புகளும் மாறும். கூட்டங் கூட்டமாக அவை கடல் நோக்கிச் செல்லும்.

ஸ்காட்லாந்தின் ஓடையிற் பிறந்த சால்மன் நார்வேக் கடலிலும் கிரீன்லாந்தின் அயலிலும் இரை தேடித் திரியும். அங்கு ஓர் ஆண்டோ இரண்டு மூன்று ஆண்டுகளோ தங்கிப் பெருத்தபின், தான் பிறந்த ஆற்றையே நாடித் திரும்பும். வழி எவ்வாறு தெரிகின்றது? ஆற்றை அடைந்தபின் அதற்கு வழிகாட்டுவது நாற்றமே. 1950-களில் அமெரிக்க அறிஞர் ஆர்தர் ஹாஸ்லரும் அவர்தம் உடனாய்வாளரும் பசிபிக் சால்மன் வகையொன்றைக் கொண்டு இதனைச் சோதித்தனர். இரு கிளையோடைகளில் திரும்பி வந்த மீன்களைப் பிடித்து, சிலவற்றின் மூக்குத் துளைகளை அடைத்து, கிளை பிரியும் இடத்திற்குக் கீழே விட்டனர். மூக்கு அடைபடாத மீன்கள் தத்தம் கிளையையே பெரும்பாலும் தேர்ந்தன. அடைபட்டவை வழி தவறின. பிறந்த மண்ணின் மணம் என்று நாம் உவமையாகக் கூறுவது சால்மனுக்கு மெய்யாகவே வழித்துணையாக உள்ளது.

ஆற்றுள் புகுந்த சால்மன் உண்பதில்லை. கடலிற் சேர்த்த கொழுப்பையே செலவிட்டு, அருவியைத் தாவி, பாறையைக் கடந்து மேலேறும். உண்ணாத மீன் பொய்யீயை ஏன் கவ்வுகின்றது? இளமையிற் பூச்சியுண்ட பழக்கம் என்பர் சிலர். தன் இடத்திற் புகுந்ததன்மேற் கொண்ட சினம் என்பர் சிலர். முடிந்த முடிபை இன்னும் எவரும் கூறிற்றிலர். ஆகவே, சால்மனுக்கு இடும் ஈ பெரும்பாலும் எப்பூச்சியையும் போன்றதன்று. நிறமும் ஒளியும் அசைவுமே அதன் உயிர். இங்கே நம் நாட்டுக்கும் அந்நாட்டுக்கும் ஓர் இணைப்பைக் காண்கின்றோம். மேற்குத்தொடர்ச்சி மலைகளில் வாழும் சாம்பல்நிறக் கானக்கோழியின் கழுத்திறகில் மெழுகு வார்த்தாற்போன்ற வெண்பொட்டுகள் உள்ளன. அவை நீருள் மீன்கண் போல் தோன்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்மிக்க சால்மன் ஈக்கள் பல அவ்விறகு கொண்டே முடியப்பட்டன. அதற்காக நம் மலைக்கோழிகள் பெருந்தொகையிற் கொல்லப்பட்டன. பின்னர் இந்திய அரசு அவ்விறகின் ஏற்றுமதியைத் தடுத்தது. ஒரு நாட்டினரின் பொழுதுபோக்கு, கடல் கடந்த மற்றொரு காட்டின் பறவையைத் தொடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஸ்காட்லாந்தின் மிக நீண்ட ஆறு டே என்பது. அங்கே சால்மன் பருவம் சனவரி 15-ஆம் நாள் தொடங்கி அக்டோபர் 15-ஆம் நாள் முடிவுறும். தைத்திங்களின் கடுங்குளிரில், கென்மோர் என்னும் ஊரில், இசைக்குழல் முழங்க ஊர்வலமாகச் சென்று பருவத்தைத் தொடங்கிவைப்பர். குளிர்நீரில் மீன் சோம்பியிருக்கும். ஆதலின் பெரிய ஈயை ஆழத்தில் மெல்லச் செலுத்துவர். வேனில் வந்து நீர் பத்துப் பாகையைத் தாண்டியபின், சிறிய ஈயை நீர்மட்டத்திற்குச் சற்றே கீழே விடுவர். டீ ஆற்றில் ஆர்தர் உட் என்பார் நூலுக்கு நெய் பூசி மிதக்கவிட்டு, சிறு ஈயால் பிடிக்கும் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். கூதிர்க்காலத்தில் நீர் பெருகிக் குளிரும். மீண்டும் பெரிய ஈ வேண்டப்படும். ஞாயிற்றுக்கிழமைகளில் சால்மனைப் பிடித்தல் ஸ்காட்லாந்தில் சட்டத்திற்கு மாறானது. வாரத்தில் ஒரு நாளேனும் ஆறு மீனுக்கே உரியதாகின்றது.

டே ஆற்றில் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், ஜார்ஜினா பாலன்டைன் என்னும் பெண்மணி, தந்தையார் படகு செலுத்த, 64 இராத்தல் எடையுள்ள சால்மனைப் பிடித்தார். அஃது ஏறத்தாழ 29 கிலோகிராம் ஆகும். அவர் பயன்படுத்தியது ஈயன்று, சிறுமீன் இரையே. இரண்டு மணி நேரத்திற்கு மேல் போராடியபின், இருள் சூழ்ந்த வேளையில் அம்மீன் கரைசேர்ந்தது. பெர்த்து நகர மருத்துவமனைக்கு அம்மீனை அளித்தனர். பிரித்தானியாவில் தூண்டிலாற் பிடிக்கப்பட்ட சால்மன்களுள் அதனினும் பெரியது இன்றுவரை பதிவாகவில்லை.

அத்தகைய மீன் இனியும் அவ்வாற்றில் ஏறுமா என்பதே இன்றைய கவலை. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 2023-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட பட்டியலில் அட்லாண்டிக் சால்மன், அச்சுறுத்தலை நெருங்கிய இனமாகச் சேர்க்கப்பட்டது. 2006-ஆம் ஆண்டிற்கும் 2020-ஆம் ஆண்டிற்கும் இடையே உலகில் அதன் தொகை 23 விழுக்காடு குறைந்தது என்று அவ்வொன்றியம் கூறியது. பிரித்தானியாவில் அதன் நிலை இன்னும் இழிந்து, அழியும் இடருக்கு உட்பட்டதாகக் குறிக்கப்பட்டது. காரணங்கள் பல. கடல் வெப்பமடைந்து இரை குறைதல், அணைகள் வழிமறித்தல், கழிவு கலத்தல், கடலோர மீன்பண்ணைகளிற் பெருகும் ஒட்டுண்ணி இளமீன்களைப் பற்றுதல், மலையோடைகளின் கரையில் மரங்கள் அற்றமையால் நீர் சூடாதல் முதலியன அவை. முன்னர் நாம் கண்ட உயிர்வளிக் கணக்கு இங்கே உயிர்க்கணக்காகிவிடுகின்றது.

கேட்டிற்கு மாற்றும் தேடப்படுகின்றது. டே ஆற்றின் கிளையாகிய தம்மல் ஆற்றில் மின்னாக்கத்திற்காகப் பிட்லாக்ரி அணை எழுந்தபொழுது, சால்மன் ஏறிச் செல்வதற்கு 34 தொட்டிகளைப் படிபோல் அமைத்தனர். மீன்கள் தொட்டிவிட்டுத் தொட்டி ஏறி மேலே செல்கின்றன. டீ ஆற்றின் தலைப்பகுதியில் நிழலுக்காக மரங்கள் நடப்படுகின்றன. 2015-ஆம் ஆண்டு முதல், ஏப்ரல் 1-ஆம் நாளுக்கு முன்னர் ஸ்காட்லாந்தில் பிடிபடும் சால்மன் ஒவ்வொன்றும் உயிரோடு நீரில் விடப்படுதல் வேண்டும் எனச் சட்டம் வந்தது. பிற மாதங்களிலும் பிடிபட்டவற்றுள் மிகப் பெரும்பகுதியைத் தூண்டில்காரர் தாமே விட்டுவிடுகின்றனர். விடுதலுக்கும் ஒரு முறை உண்டு. முள்ளில் எதிர்க்கூர் இருத்தல் ஆகாது; மீனை நீரினின்றும் எடுத்தல் ஆகாது; நனைந்த கையால் தாங்கி, தலையை நீரோட்டத்திற்கு எதிரே வைத்து, அது தானே வாலசைத்து விலகும்வரை பற்றியிருத்தல் வேண்டும். பிடிப்பதற்குப் பொறுமை வேண்டியது போன்றே விடுவதற்கும் பொறுமை வேண்டும்.

இப்பொழுது முதற்கண் எழுந்த வினாவிற்கு மீள்வோம். இப்பாடத்தை எழுதும் யான் புலால் உண்ணாத குடியிற் பிறந்தவன். மீனின் வாயில் முள் தைப்பதைப் பொழுதுபோக்கென்று கூறக் கேட்டால் என் மனம் ஒப்புவதில்லை. 2003-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் ஆராய்ந்த அறிஞர்கள், டிரவுட்டின் தலையிலும் வாயைச் சுற்றியும் ஊறுணரும் நரம்பு முனைகள் உள்ளமையைக் கண்டறிந்தனர். மீனுக்கு நோவு தெரியாது என்னும் பழைய ஆறுதல் இதனால் தளர்ந்தது. சுவிட்சர்லாந்தில், விட்டுவிடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே விலங்குநலச் சட்டம் தடுக்கின்றது. உண்பதற்கன்றி உயிரை வருத்துதல் தவறு என்பது அவர்கள் கொள்கை. ஒரு நாட்டில் விடாதிருத்தல் குற்றம். மற்றொரு நாட்டில் விடுவதற்காகப் பிடித்தல் குற்றம். இரண்டும் அருளின் பெயராலேயே இயற்றப்பட்டவை.

ஆயினும், மறுக்கவொண்ணாத உண்மை ஒன்று உண்டு. ஆற்றில் எப்பூச்சி எம்மாதத்தில் எழும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகக் குறித்து வைத்தவர் தூண்டில்காரரே. ஓராண்டில் ஓர் ஈ எழாதொழிந்தால் அதனை முதலில் அறிபவரும் அவர்களுள் உள்ளனர். ஆற்றைக் கெடுப்போர்மீது வழக்குத் தொடுத்தும், கரையில் மரம் நட்டும், வலையுரிமைகளை விலைகொடுத்து வாங்கி வலைகளை நீக்கியும் சால்மனைக் காக்க முற்பட்டவர்களும் அவர்களுட் பலர். அறிந்ததையே ஒருவன் காப்பான். அறியாத ஆறு வறண்டாலும் அவனுக்குத் தெரியாது. அவர்கள் அறிவைப் பெற்ற வழி நமக்கு உடன்பாடன்றெனினும், பெற்ற அறிவைப் பயன்படுத்திய வழி நாம் போற்றத்தக்கது.

வேறொரு வரலாற்றையும் கேளுங்கள். 1864-ஆம் ஆண்டில் பனிக்கட்டியில் வைத்த டிரவுட், சால்மன் முட்டைகளை ஆங்கிலர் கப்பலேற்றித் தாஸ்மேனியாவிற்குக் கொண்டு சென்றனர். இரண்டும் குஞ்சு பொரித்தன. டிரவுட் அவ்வாறுகளை ஏற்று நிலைத்தது. சால்மன் குஞ்சுகளோ வளர்ந்து கடலுக்குச் சென்றன. பின்னர் அவ்வாறுகளில் அவ்வினம் நிலைபெறவில்லை. நம் நீலகிரியின் குளிரோடைகளிலும், பல முயற்சிகளுக்குப் பின்னர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்னும் சென்னை அரசின் மீன்வள அறிஞரால் வானவில் டிரவுட் குடியேற்றப்பட்டது. அவலாஞ்சியில் அதற்கெனப் பொரிப்பகமும் அமைந்தது. டிரவுட்டைப் பிறவூரில் வளர்க்கலாம். சால்மனை அவ்வாறு வளர்த்தல் அரிது. ஓர் ஓடை கெட்டால், அவ்வோடையின் நாற்றத்தை நினைவிற் கொண்டு ஆயிரங்கல் தொலைவு நீந்திவரும் மீனுக்கு வேறு முகவரி இல்லை.

மாணவர்களே! நீங்கள் தூண்டில் ஏந்தல் வேண்டும் என்பது இப்பாடத்தின் கருத்தன்று. உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ ஏரியோ இருக்கும். எம்மாதத்தில் அதில் நீர் வருகின்றது? எப்பூச்சி எப்பொழுது எழுகின்றது? எம்மீன் எங்கே சினையிடுகின்றது? எப்பறவை எப்பொழுது வந்து எப்பொழுது நீங்குகின்றது? தூண்டில்காரன் குறித்துவைத்தது போல், ஓராண்டு முழுதும் ஒரு சுவடியிற் குறித்துவாருங்கள். முள்ளும் வேண்டா, நூலும் வேண்டா, பொறுமையும் கண்ணும் போதும். ஆண்டின் முடிவில் மீன் ஒன்றும் உங்கள் கையில் இராது. ஆனால், அந்நீர்நிலைக்கு ஒரு கேடு வருமாயின் முதலில் அறியும் ஒருவர் அவ்வூரில் இருப்பார்.